ஆறாவது தொட்டில்

குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை பார்த்தவளுக்கு ‘சுத்தம்’ என்றே பட்டப்பெயர். அவளைக் கண்டால் தூசி தானே எழுந்து போய்விடும் என்று கேலி செய்வார்கள். துடைக்கும் துணி எப்போதும் அவள் தோளில்தான் கிடக்கும். அங்கிருந்த ஆறு தொட்டில்களில் கடைசியில் படுத்திருந்தது அவளுடைய பத்து மாத மகள். பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இந்த வேலையையே அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமையன்று முதலாவது தொட்டில் குழந்தைக்கு வாந்தி, காய்ச்சல். பேதி தண்ணீராய்ப் போனது. பெற்றோர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் இரண்டாவது. புதன்கிழமை மூன்றாவது, அதற்கடுத்த நாள் நான்காவது. தினம் ஒரு தொட்டிலாக ஏதோ ஒன்று நகர்ந்து வருவதுபோல் அவளுக்குப் பட்டது. காலித் தொட்டில்கள் ஆள் தொடாமலே மெல்ல ஆடுவதுபோலவும் இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்களே என்று வாயை மூடிக்கொண்டு, இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது குழந்தை. வாய் கோணி அழுதது, கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. கூப்பிட்டதும் வந்த டாக்டரம்மா, அதன் வயிற்றுத் தோலை லேசாகக் கிள்ளி விட்டார். மடிப்பு சட்டென்று இறங்காமல் அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ரோட்டா வைரஸாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, கையிலும் துணியிலும் பொம்மையிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் கிடக்கும் என்று சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“தொட்டிலெல்லாம் எப்படிம்மா துடைக்கிறீங்க?”

“முதல்ல இருந்து வரிசையாத்தான் டாக்டரம்மா. ஒண்ணக்கூட விடமாட்டேன்.”

“ஒரே துணியாலயா?”

இத்தனை நாளும் நகர்ந்து வந்தது யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஐயோ, நானேவா! பாவி, என் கையாலேயா! ஆறாவது தொட்டிலுக்கு ஓடினாள். மகளை வாரியெடுத்துத் தோளில் சாய்த்து இறுக்கிக்கொண்டாள். இவளை மட்டும் யாரும் நெருங்க விடமாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

குழந்தை சமர்த்தாக இருந்தது. காதருகே சப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். தோளில் கிடந்த ஈரத்துணியின் நுனி மகளின் வாயில் இருந்தது.