டால்பினின் மூச்சு

"டால்பினுக்கு வந்த காய்ச்சல் நமக்கும் ஒட்டுமாங்கப்பா?" டால்பினுக்கும் பறவைக் காய்ச்சல் வந்த செய்தியைப் பார்த்துவிட்டு மகள் தனப்பிரியா முன்பு கேட்டபோது லாரி ஓட்டுநர் வேலுமணி சிரித்தான்.

இப்போது சிரிக்க முடியவில்லை. கோழித்தீவனத்துக்குக் கருவாடு ஏற்றப் போன தூத்துக்குடியில், கரை ஒதுங்கிய டால்பினைக் கடலுக்குள் தள்ள உதவியிருந்தான். அதன் ஈர மூச்சு முகத்தில் அடித்தது. நாமக்கல் திரும்பியதும் காய்ச்சல் கொதித்தது. மகளுக்கு ஒட்டிவிடுமோ என்று நடுங்கி, ஊருக்கு வெளியே லாரியிலேயே படுத்தான்.

கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பக்கத்து வீட்டு உண்ணாமலை கஞ்சியோடு வந்தாள்.

"கிட்ட வராதீங்கக்கா!"

"உன்னையக் கட்டிக்கவா வாரேன்? குடி சாமி, முருகன் பாத்துக்குவான்."

சாதாரணச் சளிக்காய்ச்சல்தான் என்று பரிசோதனையில் தெரிந்ததும் போன உயிர் வந்தது. ஆனால் மறுவாரம் உண்ணாமலைக்குக் காய்ச்சல் கண்டதும், கோழிப்பண்ணைக்காரிக்குப் பறவைக் காய்ச்சலோ என்று தெருவே பயந்து கதவடைத்தது.

விடியும் முன் வேலுமணி அவள் வாசலிலிருந்த காலிக் குடங்களில் தண்ணீர் நிரப்பிவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பினான்.