எண்ணப்படாத பந்துகள்

ஆற்றங்கரை மைதானத்தில் பேஸ்பால் ஆட்டம் தொடங்கியதிலிருந்து தெத்சுரோ கண் இமைக்காமல் நின்றார். மகன் கெய்த்தோ ஒவ்வொரு பந்து வீசும்போதும், கையிலிருந்த சின்னக் கருவியை ஒரு தடவை அமுக்கினார். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளில் எழுபது பந்துக்கு மேல் வீசக் கூடாது என்பது விதி. எண்ணுகிற பொறுப்பு அவருடையது.

எழுபது ஆனதும் கையைத் தூக்கினார்.

"பாத்தீங்களா, நம்ம டீம்ல விதின்னா விதிதான்" என்றார் கோச் இனாகாக்கி. தங்கள் முறைக்குத் தேநீர் ஊற்ற வந்திருந்த அம்மாக்கள் கைதட்டினார்கள். "கெய்த்தோ, நீ கேட்சராப் போ. சுபாசா, நீ வந்து வீசு. கெய்த்தோ, வலி ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க." தொப்பியைக் கழற்றிக் குனிந்து சொன்னான். அந்த அணியில் அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. கெய்த்தோ மாதிரி ஆறாம் வகுப்புப் பையன்களுக்கு இதுதான் கடைசிப் போட்டித் தொடர் வேறு.

அதுவரை மட்டையாளனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சராக இருந்த சுபாசா கவசத்தைக் கழற்ற, கெய்த்தோ மாட்டிக்கொண்டான். தெத்சுரோ கருவியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தேநீர் குடித்தார்.

கேட்சர் என்ன சும்மாவா உட்கார்ந்திருப்பான்? வருகிற பந்தையெல்லாம் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். எதிரணிக்காரன் எதிரே தூரத்திலுள்ள இரண்டாம் தளத்துக்குப் பாய்ந்தால், அவனை அவுட்டாக்க எழுந்து முழுப் பலத்தோடு அங்கே எறிய வேண்டும். மைதானம் நிறையப் பெரியவர்கள் இருந்தும் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. உறைக்காமல் இருப்பதற்கு அந்த விதி ரொம்ப வசதியாக இருந்தது.

மதியம் கெய்த்தோ சோற்று உருண்டையை இடது கையால் சாப்பிட்டான்.

"ஏண்டா அந்தக் கையால?"

"வலது கையில சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போச்சுப்பா. தொட்டாத் தெரியல."

"எப்பலேர்ந்து?"

"போன மாசத்துலேர்ந்து வந்து வந்து போகும். இன்னைக்குப் போகல."

"ஏன் சொல்லல?"

"நீங்கதான் எண்ணுறீங்களேப்பா. அதிகமானா நிறுத்திருவீங்கன்னு நெனச்சேன்."

குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை அது.

மறுநாள் டாக்டர் படமெடுத்துப் பார்த்தார். முழங்கையில் எலும்பின் ஓரம் பெயர்ந்திருந்தது; நரம்பும் இழுபட்டிருந்தது. "வீசாத நேரத்துல பையன் என்னவா ஆடுறான்?" என்று கேட்டார்.

"கேட்சரா."

டாக்டர் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். "இந்த வருஷம் பந்தையே தொடக் கூடாது. அப்புறம் வீச முடியுமான்னு அப்பத்தான் சொல்ல முடியும்."

"சரிங்க" என்றான் கெய்த்தோ, கோச்சிடம் சொல்வது போலவே. தெத்சுரோவுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. திரும்பும் வழியில் பச்சை விளக்கு எரிந்த பிறகும் காரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தார்.

அந்த வாரக் கடைசியில் பெற்றோர் கூட்டம். இனாகாக்கி எழுந்தார். "கெய்த்தோ விஷயத்துல எனக்கும் வருத்தம்தான். ஆனா நாம விதியை மீறல, எண்ணினவரே இங்க இருக்காரு. இனிமே சுபாசா முதல்ல வீசட்டும். எழுபது ஆனதும் கேட்சராப் போகட்டும்."

எல்லோரும் தெத்சுரோவைப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினால் போதும், கூட்டம் முடிந்துவிடும். எந்தக் கூட்டத்திலும் எதிர்த்துப் பேசியறியாத மனிதர் அவர். அன்றைக்கு எழுந்து நின்றார்.

"ஒரு பந்துகூடத் தப்பா எண்ணல கோச். ஆனா நான் எண்ணினது விதிக்காக. என் பையனுக்காக எண்ணியிருந்தா, அவன் கேட்சரா நின்னு எறிஞ்சதையும் சேர்த்திருப்பேன். எந்த இடத்துல நின்னு எறிஞ்சாலும் கை ஒண்ணுதானே. வலிக்குதான்னு கேட்டோம், வாஸ்தவம். இல்லைன்னு சொல்ல நாமளே பழக்கி வச்சிட்டுக் கேட்டோம். விதியைக் காப்பாத்துனாப் போதும், புள்ளை தானாத் தப்பிச்சிரும்னு இருந்துட்டோம். காப்பாத்த வேண்டியது புள்ளையத்தான்."

குரல் உயரவில்லை. இனாகாக்கி அடுத்த விஷயத்துக்குப் போக வாயெடுத்தார். அப்போது பின் வரிசையில் சுபாசாவின் அம்மா எழுந்து, முறைப்படி குனிந்து வணங்கினாள்.

"வீசுறதோ கேட்சரோ, எங்க பையன் ரெண்டுல ஒண்ணுதான் ஆடுவான் கோச். எதுன்னு நீங்களே சொல்லுங்க."