பூட்டுக்கும் பூட்டுக்கும் நடுவே

பஸ் ஓட்டுகிறவனைப் படகு ஓட்டச் சொன்னால் முதல் நாள் முழுக்கக் கரையோடுதான் சண்டை போடுவான். அவனும் அப்படித்தான் போட்டான். படகின் வால்பக்கம் நின்று சுக்கான் கம்பியை இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போனது. அதுவும் உடனே போகவில்லை, யோசித்து யோசித்துப் போனது. திரும்பவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தள்ளுவான். அதற்குள் முதலில் தள்ளியது வேலை செய்யத் தொடங்கிவிடும். படகு போய் நாணல் புதருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும்.

"இவன் இருபது வருஷமா பஸ் ஓட்டுறானாம்," என்றாள் கூரைமேல் உட்கார்ந்திருந்த அக்கா, தலையிலிருந்து நாணல் இலையை எடுத்துக்கொண்டே. "இறங்குறவங்கள்லாம் இறங்கலாம்னு சொல்லுடா தம்பி."

அம்மா சிரித்தாள். அவள் அவனுக்குப் பக்கத்திலேயே சின்னப் பலகையில், மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். எங்கே போனாலும் பையைக் கீழே வைக்காத பழக்கம் அவளுக்கு.

பயணம் அக்காவின் ஏற்பாடு. அவள் நர்ஸ். கடல் தாண்டி எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் வீட்டையே காலி செய்துகொண்டு கிளம்புகிறாள். அம்மா அவளோடு இருப்பதால் அம்மாவும் கிளம்புகிறாள். போவதற்கு முன்னால், தம்பி மனைவியையும் சேர்த்து நாலு பேருமாக எங்கேயாவது போய் வரலாம் என்று சொல்லி, எத்தனையோ இடமிருக்க, இந்தப் பழைய கால்வாயில் மூன்று நாளைக்குப் படகு பிடித்திருந்தாள். ஒரு காலத்தில் நிலக்கரியும் தானியமும் போன கால்வாய். கரையிலிருந்த பாதையில் குதிரைகள் நடந்து படகை இழுத்திருக்கின்றன. பாலங்களின் கல் விளிம்பில் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்கள் இன்னும் இருந்தன. விரலை வைத்தால் முதல் கணு வரை உள்ளே போகும்.

"இந்தத் தூரத்துக்கு நடந்து போனாலே படகை முந்திடலாமே அக்கா," என்று அவன் அப்போதே சொல்லிப் பார்த்தான்.

"அதுக்குத்தான்," என்றாள் அவள்.

அவனுக்கு அது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அவன் வந்தது ஊர் பார்க்க இல்லை. அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. போகாதே, எங்களோடு வந்து இரு என்று. அவ்வளவுதான். மனைவிக்கும் இதில் பூரண சம்மதம். சம்மதம் என்ன, கிளம்புவதற்கு முன்னாலேயே முன்னறையிலிருந்த தையல் மெஷினைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, புது மெத்தை உறையும் மாட்டிவிட்டாள். "நான் கேட்டா மருமக கேட்டதா இருக்கும். நீங்க கேட்டாத்தான் மகன் கேட்டதா இருக்கும்," என்று சொல்லியிருந்தாள்.

கேட்பதில் என்ன கஷ்டம் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பேச்சு கிடந்தது. அப்பா போன பிறகு அம்மா முதலில் வந்தது அவன் வீட்டுக்குத்தான். எப்போது கிளம்புகிறாய், எந்த ரூட், எத்தனை மணிக்குத் திரும்புவாய், ஏன் தாமதம் என்று தினமும் கேட்பாள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் கேட்பாள். ஒருநாள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்து ஓட்டிவிட்டு, வழியெல்லாம் ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "பஸ்ஸுலதான் கண்டக்டர் இருக்காரும்மா. வீட்டுலயும் ஒருத்தர் வேண்டாம்."

அம்மா கோபப்படவில்லை. நல்ல தமாஷ் என்பதுபோல் சிரித்தாள். அடுத்த வாரம், முழங்கால் வைத்தியத்துக்கு அக்கா வீடுதான் வசதி என்று போனாள். வைத்தியம் முடிந்தும் திரும்பவில்லை. அதற்கப்புறம் அவன் எத்தனையோ முறை போய்ப் பார்த்திருக்கிறான். சாப்பிட்டாயா என்பாள், இளைத்துவிட்டாய் என்பாள். எப்போது வந்தாய், எப்போது கிளம்புகிறாய் என்று மட்டும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் அவன் தொண்டையில் முள்ளாக நின்றது.

கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிறது. ஆங்காங்கே பூட்டுகள் உண்டு. பூட்டு என்றால் கல்லால் கட்டிய நீளத் தொட்டி. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டால், லிஃப்ட் மாதிரி படகு கீழே இறங்கும். பிறகு முன்கதவு திறக்கும். இரும்புக் கைப்பிடியைச் சுற்றி மதகைத் திறப்பதும், கதவைத் தள்ளுவதும் ஆள் செய்ய வேண்டிய வேலை. அதை அக்காவும் மனைவியும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பூட்டு முடிந்ததும் இருவரும் கரையோடு நடந்தே அடுத்த பூட்டைத் தயார் செய்யப் போய்விடுவார்கள். படகில் அவனும் அம்மாவும் மட்டும்.

மனைவி இதை வேண்டுமென்றே செய்தாள் என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு பூட்டிலும் கதவில் முதுகைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே புருவத்தை உயர்த்துவாள். கேட்டாயிற்றா என்று அர்த்தம். அவன் தலை குனிந்து கயிற்றைப் பார்ப்பான்.

சந்தர்ப்பம் இல்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் சந்தர்ப்பத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. எஞ்சின் முனகிக்கொண்டிருந்தது. மரங்கள் இருபக்கமும் குனிந்து நிழலைத் தண்ணீரில் போட்டிருந்தன. படகு அந்த நிழலைக் கிழிக்கும், பின்னாலேயே அது ஒட்டிக்கொள்ளும். அம்மா ஒவ்வொன்றாகக் காட்டினாள். துணி காயும் கொல்லைப்புறம். ஒற்றைக் காலில் நின்ற கொக்கு. மூடிப்போன ஒரு மில்லின் உடைந்த ஜன்னல்களில் வரிசையாக வானம். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் எதிரே ஒரு படகு வரும், அல்லது பாலம் வரும். வராவிட்டாலும் வந்துவிடும் என்று காத்திருப்பான். அடுத்த பூட்டுக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொள்வான். அவசரமில்லாத இடத்தில்தான் மனிதனுக்கு எதையும் தள்ளிப்போட வருகிறது. பஸ்ஸில் அவன் அப்படி இல்லை. ஒரு நொடியில் பிரேக்கா ஹார்னா என்று முடிவு செய்கிறவன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், படகைக் கரையில் முளையடித்துக் கட்டிய பிறகு, மனைவி டீயைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்றாள்.

"நாக்குல என்ன, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கா?"

"நாளைக்குச் சொல்லிடுவேன்."

"நாளையோட முடியுது."

அவன் வரைபடத்தை விரித்துக் காட்டினான். மத்தியானம் வரை பூட்டே இல்லை, ஆனால் அதுவரை எல்லோரும் படகிலேயே இருப்பார்கள். பிறகு, படகைத் திருப்பிக் கொடுக்கும் துறைக்கு முன்னால், மூன்று பூட்டுக் குறிகள். மூன்று என்றால் நடுவில் இரண்டு ஓட்டம். அக்காவும் மனைவியும் கரையோடு முன்னால் போய்விடுவார்கள். முதல் ஓட்டத்தில் பேச்சைத் தொடங்கலாம். இரண்டாவதில் கேட்டுவிடலாம். ஸ்டாப்புக்கு ஸ்டாப் கணக்குப் போட்டே பழகியவன். மூன்று குறிகளும் ஏன் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன என்று அவன் யோசிக்கவே இல்லை. மனைவி வரைபடத்தைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். பிறகு காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் காலை எல்லோரும் படகிலேயே இருந்தார்கள். அவன் மனதுக்குள் வார்த்தையைத் தேய்த்துத் தேய்த்து வைத்துக்கொண்டான். 'இங்கயே இரும்மா.' இரண்டே வார்த்தை. குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மத்தியானம், அந்த மூன்றில் முதல் பூட்டின் வாயிலில், கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் பூட்டுக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மற்ற பூட்டுகளில் ஆள் இருந்ததில்லை. இங்கே பள்ளம் அதிகம், சுக்கான் பிடிக்கிறவர் தவிர எல்லோரும் இறங்கிப் படிவழியாக நடந்து கீழே போகவேண்டும் என்றார். அக்கா கையைக் கொடுக்க, அம்மா பையை அணைத்துக்கொண்டு இறங்கினாள். பரவாயில்லை, முதல் பூட்டைத் தாண்டியதும் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவன் நினைத்தான்.

படகு உள்ளே போனது. பின்கதவு மூடியது. தண்ணீர் இறங்க, பாசி படிந்த சுவர்கள் இரண்டு பக்கமும் வளர்ந்தன. முன்கதவு மெல்லப் பிளந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவன் எதிர்பார்த்த மர நிழலும் அமைதியான நீரும் இல்லை. இன்னொரு கல் தொட்டி இருந்தது. அதன் கோடியில் இன்னொரு கதவு. மாடிப்படி மாதிரி மூன்று பூட்டுகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு பூட்டின் முன்கதவே அடுத்ததன் பின்கதவு. நடுவில் ஓட்டமே கிடையாது.

அவன் படகை இரண்டாவது தொட்டிக்குள் செலுத்தினான். நிமிர்ந்து பார்த்தான். மேலே, விளிம்போரத்தில், அம்மா குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெளிச்சம். முகம் தெரியவில்லை, பை மட்டும் தெரிந்தது. பக்கத்தில் அக்கா, மனைவி, பூட்டுக்காரர், வேடிக்கை பார்க்க வந்த நாலைந்து பேர். மதகுத் தண்ணீர் இரைந்தது. படகு இறங்க இறங்க அம்மா உயர்ந்துகொண்டே போனாள்.

அவன் வாயைத் திறந்தான். கத்திச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? இத்தனை பேருக்கு நடுவில், கிணற்றுக்குள்ளிருந்து வாளி கேட்கிற மாதிரி?

"ஓரத்துல நிக்காதம்மா," என்று கத்தினான்.

அம்மா உடனே இரண்டடி பின்னால் நகர்ந்தாள். அப்புறம் அவள் தெரியவே இல்லை.

கடைசிக் கதவு திறந்து படகு துறைக்குள் மிதந்து வந்தபோது அவர்கள் முன்பே வந்துவிட்டிருந்தார்கள். அக்காவையும் அம்மாவையும் வீட்டுக்குக் கொண்டுபோக வேன் நின்றது. மனைவி தள்ளி நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருவம் இந்த முறை உயரவில்லை.

அக்காதான் கயிற்றை வாங்கிக் கட்டினாள். கட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, அம்மாவும் கூட வருவதாக இப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனில் உறுதி சொன்னேன் என்றாள். இன்றைக்குள் சொல்லியாக வேண்டியிருந்ததாம்.

"மூணு நாளா தள்ளிக்கிட்டே வந்தேன். நீ ஏதாவது கேப்பேன்னு," என்றாள். "இதைவிட மெதுவா போற வண்டி எனக்குக் கிடைக்கலடா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் சொல்லித்தான் நீ கேட்டேன்னு அம்மாவுக்குத் தெரியாதா? மேல, ரெண்டாவது கதவு திறந்தப்போ அம்மாகிட்டயே கேட்டேன். என்னம்மா பண்ணலாம்னு. கொஞ்ச நேரம் உன்னையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் வரேன்னுட்டா."

அவன் படகிலிருந்து தாவி இறங்கினான். அம்மா வேனுக்குள் ஜன்னலோரம் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூன்று நாள் தேய்த்து வைத்த வார்த்தை இப்போது ஒரு தடையும் இல்லாமல் வந்தது.

"இங்கயே இரும்மா. ரூம்கூட ரெடியா இருக்கு."

அம்மா அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். கயிறு இழுத்துச் சிவந்திருந்த உள்ளங்கையைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இப்பத்தாண்டா அவகிட்ட வரேன்னு சொன்னேன்," என்றாள். "சொன்ன வாய் மூடுறதுக்குள்ள மாத்திச் சொன்னா, அவ மனசு என்ன பாடுபடும்? இத்தனை வருஷம் வெச்சுப் பாத்தவ."

அவள் சொன்னது நியாயம் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அக்கா ஏறிக்கொண்டாள். வேன்காரர் எஞ்சினை முடுக்கினார். அம்மா சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். மெலிந்துவிட்டாய் என்றாள். அவன் காத்திருந்தான். எப்போது கிளம்புவாய், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாய் என்று ஒரே ஒரு தடவை அவள் கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. அவள் கேட்கவில்லை.

"படகை ஒப்படைச்சதும் கிளம்பிடுவோம்மா," என்றான் அவனாகவே. "ஆறு மணி ரயில். வீடு போய்ச் சேர ஒன்பது ஆயிடும். நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட். ஆஸ்பத்திரி ரூட். ரெண்டு மணிக்கு டிப்போவுக்கு வந்துடுவேன். அங்கேர்ந்து நேரா வீடுதான். லேட் ஆகாது."

அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். வேன் நகர்ந்தது. அவன் கூடவே நடந்தான். நாளை மறுநாள் எந்த ரூட் என்று சொல்லத் தொடங்கியிருந்தான். நடந்தே முந்திவிடக்கூடிய வேகத்தில்தான் வேன் துறையின் வாசல் வரை போனது. அதற்கப்புறம் சாலை.