அண்ணனுக்கும் கேட்கிறது

ஞாயிற்றுக்கிழமை காலை, டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல், அரங்கநாதன் கைபேசியில் தன் பேட்டியைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக் குடியிருப்பவர். விஞ்ஞானக் கதைகள் எழுதுகிறவர். சென்னையிலிருந்து இரண்டு இளைஞர்கள் கேமராவோடு வந்து, வாழ்க்கை, சமூகம், நிஜம் என்று அவரைப் பேசவிட்டு எடுத்துப்போன பேட்டி. "நிஜம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட கற்பனைக்குத்தான் அந்தப் பெயர். யாரோ ஒருவனுக்கு மட்டும் வேறு ஏதோ கேட்கிறது. உடனே அவன் வாயில் மாத்திரையைப் போட்டு நம்மைப்போல ஆக்கிவிடுகிறோம். சமூகம் என்பது அதுதான்." அந்த இடம் வரும்போதெல்லாம் அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

கேட்டைத் திறந்துகொண்டு சின்னப்பொண்ணு வந்தாள். அவருடைய தம்பி ஆதிமூலத்தின் மனைவி. நடந்தே வந்திருப்பாள்போல, மூச்சு வாங்கியது. முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டைகளை மேசைமேல் வைத்தாள். ஒன்றும் பிரிக்கப்படவில்லை.

"தெனமும் முழுங்குறாருன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன் மாமா. அரிசி டப்பாவுல ஒளிச்சி வெச்சிருக்காரு."

"எங்க அவன்?"

"விடியக்காத்தால வெள்ளிமலை பஸ் ஏறிட்டாராம், பக்கத்து வூட்டுக்காரரு பாத்திருக்காரு. நேத்து சாப்புடும்போது சொன்னாரு, 'அண்ணனே சொல்லிட்டாரு, இனிமே மாத்திர வாணாம்'னு. அவுருகிட்ட இன்னா மாமா சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலியேம்மா."

மேசைமேல் அவருடைய குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அரங்கநாதன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கியதும் சின்னப்பொண்ணு கண்ணை மூடிக்கொண்டாள். அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆதிமூலத்துக்கு முதல்முறை அந்தக் குரல் கேட்டபோது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ரைஸ் மில்லில் தூக்கிய மூட்டையை அப்படியே கீழே விட்டுவிட்டு, மலையிலிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று வடமேற்கே பார்த்து நின்றுவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொன்னதையெல்லாம் கேட்டது அரங்கநாதன்தான். பொறுமையான அண்ணன் என்று நர்சுகள்கூடப் பாராட்டினார்கள். தம்பி வீடு திரும்புவதற்குள் அதை வைத்து ஒரு கதை எழுதி முடித்திருந்தார். வேறு கிரகத்தின் செய்தியை ஒரு மலையடிவாரத்தில் தனியாகக் கேட்கும் கூலிக்காரன் ஒருவனைப் பற்றிய கதை. பரிசு கிடைத்தது. பெயர் கிடைத்தது. கற்பனை எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடம், "எங்கிருந்தோ" என்று சிரித்தார். ஆதிமூலம் அதைப் படித்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எழுத்து அவனை உருக்கிவிட்டது என்றே அவர் அன்று நினைத்தார்.

வெள்ளிமலையில் இறங்கி டீக்கடையில் விசாரித்தார்கள். "வெள்ள சட்ட போட்டவரா? வந்ததுலேர்ந்து டவர் கீழயே குந்திக்கினு இருக்காருங்க. டீ குடுத்தா வாணாங்குறாரு" என்றாள் கடைக்காரி.

கைபேசிக் கோபுரத்தின் கம்பிவேலியை ஒட்டி ஒரு பாறைமேல் அவன் உட்கார்ந்திருந்தான். கல்யாணத்துக்குப் போகிறவனைப்போலத் துவைத்த சட்டை, படிய வாரிய தலை. அவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சின்னப்பொண்ணைத் தாண்டி அவரைத்தான் பார்த்தான்.

"வந்துட்டியா ணா? நீ வருவன்னு தெரியும். இங்க நல்லா தெளிவா கேக்குது. குந்து."

"வூட்டுக்குப் போலாம் வாடா."

"செல்லுல உன் பேட்டியப் பாத்தேன். நீதான ணா சொன்ன, மாத்திர போட்டு அமுக்குறாங்கன்னு?"

"அது வந்து... அது ஒரு கருத்து. ஒரு பார்வைன்னு வெச்சிக்க. அத அப்பிடியே எடுத்துக்கக் கூடாது..."

பேசும்போதே, கேமரா முன்னால் வந்த அதே குரல் தன் தொண்டையிலிருந்து வருவதை அவர் கேட்டார். சின்னப்பொண்ணு குறுக்கே வந்தாள். "மாமா, அவுருக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க. நெசமா, பொய்யா?"

அரங்கநாதன் வேலியைப் பிடித்துக்கொண்டார். "பொய்டா. எனக்கு ஒண்ணும் தெரியாது. பேச நல்லாருந்திச்சி, பேசிட்டேன்."

ஆதிமூலம் கோபப்படவில்லை. "சரி, அத உடு. அந்தக் கத? நான் ஆஸ்பத்திரில சொன்னதுதான அது?"

"ஆமா."

"அதப் படிச்சப்பதான் ணா எனக்கு உசுரே வந்திச்சி. அண்ணனுக்கும் கேக்குது, வெளிய சொல்ல முடியாம கதன்னு எழுதியிருக்காருன்னு நெனச்சேன். நான் ஒருத்தன் மட்டும் இல்லன்னு இருந்திச்சி." அவன் குரல் இறங்கியது. "உனக்குக் கேக்குது இல்ல ணா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த முகம் அப்படியே மலர்ந்திருக்கும். சின்னப்பொண்ணின் உள்ளங்கையில் மாத்திரை இருந்தது.

"இல்லடா. எனக்கு எதுவுமே கேட்டதில்ல."

ஆதிமூலம் தலையைக் குனிந்துகொண்டான். தப்பு செய்தவன் தான்தான் என்பதுபோல, படிய வாரியிருந்த முடியைக் கையால் கலைத்துவிட்டான். பிறகு எழுந்து, மனைவி நீட்டிய மாத்திரையை வாங்கித் தண்ணீரில்லாமல் விழுங்கினான். "மன்னிச்சிக்க ணா. உன் வேலய கெடுத்துட்டேன்" என்றான்.

அரங்கநாதனுக்கு எங்காவது போய் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும்போலிருந்தது. அந்த மேட்டில் வெயிலும் வேலியும்தான் இருந்தன.

திரும்பும் பஸ்ஸில் புருஷனும் பெண்சாதியும் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அவர் பின்னால். பலாப்பழங்களோடு ஏறியவர்களால் பஸ் நிறைந்து, ஒரே வாசனையாக இருந்தது. சின்னப்பொண்ணு சன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஒரு வளைவில் பஸ் வேகம் குறைந்தபோது, ஆதிமூலம் சட்டென்று தலையைச் சாய்த்தான். கண்கள் ஓரிடத்தில் நின்றன. உதடு லேசாக அசைந்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பி, அண்ணன் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தான். உடனே கழுத்தை நேராக்கிக்கொண்டு, எல்லோரையும்போல, முன்னால் போகும் ரோட்டைப் பார்க்கத் தொடங்கினான்.