ஓநாய் வீட்டுக்குப் போட்ட கோலம்

ஓநாய் பார்க்க வருகிறவர்கள் உடம்பெல்லாம் சென்ட் அடித்துக்கொண்டு வருவார்கள் என்று சுமலதா கனவிலும் நினைக்கவில்லை. வழிகாட்டி வேலையில் இது அவளுக்கு முதல் மாதம். விடிந்தும் விடியாத நேரத்தில் ஒன்பது பேர் வேனிலிருந்து இறங்கினார்கள். ஒருவர் பளபளக்கும் சிவப்புச் சட்டை. ஒரு அம்மா கையில் சிப்ஸ் பாக்கெட். காட்டுக்குள் அந்தப் பாக்கெட் சரசரவென்று பேசிய பேச்சை அந்த அம்மாவின் புருஷன்கூடப் பேசியிருக்க மாட்டார். "சத்தம் போடாதீங்க" என்று சுமலதா நான்கு தரம் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"மேடம், ஓநாய் எத்தன மணிக்கு வரும்?" என்றார் சிவப்புச் சட்டை, மொரப்பூர் ஸ்டேஷனில் ரயிலை விசாரிக்கிற மாதிரி.

"அதுக்குத் தோணும்போது வரும் சார்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்த ஒன்பது பேரையும் பொறுத்துக்கொள்ளலாம். பத்தாவது ஆளுக்காகத்தான் அவள் இவ்வளவு பாடும் பட்டாள். அவர்களுக்குப் பின்னால் கடைசியாக இறங்கிய மாதவராஜ், மரம் நடும் திட்டத்துக்கு அதிகாரி. இந்த முள்ளுக்காடு முழுவதும் அரசாங்கக் காகிதத்தில் தரிசு. மாசி பிறந்ததும் குழி வெட்டி ஐம்பதாயிரம் மரக்கன்று நடுவதாகத் திட்டம். கடைசிக் கையெழுத்து அவருடையது. ஓடித் துரத்தி இரை பிடிக்கிற பிராணிக்கு வெட்டவெளிதான் வாழ்வு. அதில் மரத்தை நெருக்கி நட்டால் ஓநாய் மூட்டை கட்ட வேண்டியதுதான். சுமலதா மூன்று மனு எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில்: அங்கே ஓநாயே கிடையாது. ஆகவே இன்றைக்கு அவர் கண்ணில் ஒன்றாவது பட வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருந்தது. ஓடைக் கரையில் ஒரு தாய் ஓநாய் வளை தோண்டிக் குட்டி போட்டிருந்தது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவளும், ஆடு மேய்க்கிற நாகனும். நாகன் இரண்டு மாதமாக அந்தப் பக்கமே ஆட்டை ஓட்டவில்லை. மேய்ச்சல் போகிறதே என்று வீட்டில் வாங்காத திட்டில்லை. இரவெல்லாம் இரை தேடிவிட்டுத் தாய் வெயில் ஏறும் நேரத்துக்குத் திரும்பும். எதிர்ப்பாறையில் உட்கார்ந்தால் தெளிவாகத் தெரியும்.

பாறையில் ஏறிப் பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். ஓநாய் தெரியவில்லை. குப்புராஜ் தெரிந்தார். ஓடைக் கரையில் சாமியானா, நாற்காலிகள், 'வருக வருக' என்று ஆளுயர பேனர், நடுவில் வெள்ளை வேட்டியில் ஊர்ப் பெரியவர் குப்புராஜ். "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றது ஒலிபெருக்கி. உடனே சரவெடி.

சுமலதா தலையில் அடித்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"ஏம்மா, இவ்ளோ பெரிய ஆபீசர் வராரு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாத்தியா?" என்றார் குப்புராஜ். "நல்லவேள, இந்தப் பாறைக்குத்தான் வரீங்கன்னு வேன் டிரைவரு சொன்னாரு. நம்மூருக்கு வந்தவங்கள வெறும் கையோட அனுப்பறதா?"

"ஐயா, இங்க நாங்க சத்தமில்லாம ஓநாய் பாக்க வந்தோங்க!"

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல டிபன், அப்புறம் ஓநாய்."

அதற்குள் மாதவராஜ் கழுத்தில் மாலை விழுந்துவிட்டது. அடுத்தது, எந்த அதிகாரி வந்தாலும் தப்பாத சடங்கு. குப்புராஜ் ஒரு வேப்பங்கன்றை அவர் கையில் கொடுத்தார். "சாரு கையால ஒரு மரம்!" கைதட்டினார்கள். எந்த மரத்தைத் தடுக்க அவரை அழைத்து வந்தாளோ, அதே மரம். சுமலதாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"குழி வெட்டத்தான் காலங்காத்தால ஆளு கெடைக்கல" என்றார் குப்புராஜ் பெருமையாக. "ஆனா பாருங்க, நம்ம யோகம், யாரோ பாதி வெட்டின குழி ரெடியா இருந்துச்சு. கொஞ்சம் சாய்வு. பரவால்ல."

சுமலதா திரும்பிப் பார்த்தாள். கரையில் இருந்த வளையின் வாயைச் சுற்றி அழகாகக் கோலம் போட்டு, ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

"சார், வேணாம்!" என்று கத்தினாள். மைக் அதை விழுங்கியது. மாதவராஜ் குனிந்து கன்றை உள்ளே இறக்கப் போனவர், அப்படியே நின்றார்.

"உள்ள என்னமோ முனகுது."

செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தார். நான்கு குட்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கின. அவர் விளக்கை அணைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

"இங்க ஓநாய் இல்லன்னு அறிக்கைல இருந்துச்சே" என்றார் மெதுவாக.

"யாரு சார் எழுதினது?"

"நான்தான்."

அதற்குமேல் அவளை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மைக்கை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினார்கள். சாமியானாவைப் பிரிக்கச் சொன்னாள், பிரித்தார்கள். சிவப்புச் சட்டைக்காரர் யாரும் சொல்லாமலே, வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்திருந்த நாகனின் கம்பளியை வாங்கிச் சட்டை தெரியாமல் போர்த்திக்கொண்டார். எல்லாரும் பாறைக்குப் போய் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்தார்கள். இந்த அடக்கம் விடியற்காலையில் எங்கே போயிருந்தது என்று அவளுக்கு எரிந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துத் தாய் வந்தது. கோலத்தை மோந்தது. சுற்றிச் சுற்றி வந்தது. உள்ளே போய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு தூரத்து முட்புதருக்குள் மறைந்தது. மறுபடி வந்தது. நான்கு நடை.

"ஏன் தூக்கிட்டுப் போகுது?" என்று கேட்டார் மாதவராஜ், பைனாகுலரை இறக்காமல்.

"இனிமே இந்த வூட்ட நம்பாது சார். கட்டின வூட்ட வுட்டுட்டுப் போகுது."

அவர் பைனாகுலரை இறக்கினார். பிறகு, "அது போன புதருக்கு அந்தாண்டையும் நம்ம திட்ட எல்லைக்குள்ளதான் வருது. எங்கயும் ஒரு குழிகூட வெட்ட வேணாம்னு எழுதிர்றேன்" என்றார். அவள் கேட்டது அதுதான். ஆனாலும் அந்த நாலாவது நடையைப் பார்த்த பிறகு அவளால் சிரிக்க முடியவில்லை.

வேன் கிளம்பும்போது குப்புராஜ் முகம் சுருங்கிப்போய், கையில் வேப்பங்கன்றோடு நின்றார். "நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா செஞ்சேன். இப்ப இத எங்க நடறது?"

திட்டத் திறந்த வாயைச் சுமலதா மூடிக்கொண்டாள்.

"உங்க வூட்டு முன்னாடி நடுங்க ஐயா. நெழலு வேண்டியது நமக்குத்தாங்க. ஓநாய்க்கு இந்த வெயிலே போதும்."