நாற்பத்தொரு மொட்டுகள்

பல் வைத்தியரிடம் போய்விட்டு மதியம் திரும்பிய டெல்மா, வீட்டுக்குப் பின்னால் ஓடைச் சரிவில் புருஷன் ஆரின் மண்டியிட்டிருப்பதைக் கண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி ஓடினாள். விழுந்துவிட்டானோ என்றுதான் முதலில் பதறினாள். விழவில்லை. முழங்கை வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் ஒரு பச்சைக் குவியல்.

"உன் ஐவிய ஒருவழியா ஒழிச்சுட்டேன் டெல்மா. எவ்ளோ சுத்தமா இருக்கு பாரு!"

குவியலில் கிடந்தவை ஐவி அல்ல, டிரில்லியம் என்ற காட்டுப்பூச் செடிகள். ஒவ்வொன்றிலும் மூன்று இலை, நடுவே விரியாத ஒரு மொட்டு. ஒரு காலத்தில் அந்தச் சரிவு முழுவதையும் ஐவி என்ற களைக்கொடி மூடிக் கிடந்தது. ஒன்பது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் கொடியை இழுத்து, ஓக் மரங்களின் கழுத்திலிருந்து அறுத்து, அவள் மீட்ட இடம் இந்த ஒரு துண்டுதான். டிரில்லியம் விதை பூவாக ஏழெட்டு வருஷம் பிடிக்கும். இந்த ஏப்ரலில்தான் முதன்முதலாக நாற்பத்தொரு மொட்டு எண்ணியிருந்தாள். நாலடி தள்ளி, கை படாத ஐவி பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

போன வருஷம் ஆரினுக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கியது. கார் சாவியை அவனே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலிதான். அவன் சிரித்து எத்தனை மாதமாயிற்று!

"என்ன, நாக்குக்கும் சேத்து ஊசி போட்டுட்டாங்களா? பேச்சையே காணோம்?"

"ஆமா," என்றாள். "நல்லா செஞ்சிருக்க."

மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் அவன் கையுறையை எடுத்துவிட்டான். "ஓடையோரம் பாக்கி இருக்கில்ல? அதையும் முடிச்சுடறேன்."

ஓடையோரம் மிஞ்சியிருந்தவை எட்டே டிரில்லியம் செடிகள். இரவெல்லாம் யோசித்தும் அவளுக்கு வார்த்தை கிடைத்திருக்கவில்லை. கூடவே இறங்கிப் போய், அவன் கையுறையைக் கழற்றி, ஐவித் தண்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள்.

"இதப் புடிச்சு இழு."

விரல்கள் கொடியின் மேல் மெல்ல நகர்ந்தன. மயிர் மயிராய் வேர், தோல் போல் தடித்த இலை. இழுத்தான். வரவில்லை. காலை ஊன்றி மறுபடியும் இழுத்தான். பிறகு நிறுத்திவிட்டான்.

"நேத்து எல்லாம் சுலபமா வந்துச்சே."

அவள் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மெத்துனு இருந்துச்சு டெல்மா."

கொடியை விடாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால், குவியலின் மேலாகக் கிடந்த ஒரு மொட்டு இரவுக்குள் விரிந்திருந்தது. அந்த மூன்று வெள்ளை இதழ்களுக்கு நடுவே ஓர் எறும்பு இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது.