முன்பக்கத்து ஃபயர்வயர்

“இந்த விளக்கக் கடிதத்தை நீங்கதான் எழுதணும், முதலாளி. நான் எழுத மாட்டேன்.”

மேலே இருப்பவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேள், எழுதிக் கொடு என்று மட்டும் கேட்காதே என்று அப்பா சொல்லியிருந்தார். நொர்யாங்ஜின் மீன் சந்தையில் பெட்டி இறக்குகிறவர். யார் கையில் பெட்டி உடைந்தாலும் விளக்கக் கடிதம் அவர் தலையில்தான் விழும். அவருக்கு எழுத்துப் பிழை அதிகம். பதினொரு வயதிலிருந்து எழுதிக் கொடுத்தவள் நான். ‘தவறு முழுவதும் என்னுடையது. இனி நடக்காது.’ எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி எழுதிப் பழகியது இந்த இரண்டு வரிகளைத்தான்.

ப்யோ முதலாளி கறுப்பு நூடுல்ஸ் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஏய் ஹே-வொன், மத்தியானமே சோஜு போட்டியா?”

“இல்ல. தெளிவாத்தான் இருக்கேன்.”

யோங்சான் மின்னணு வளாகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது அவர் கடை. வீடியோ கேசட்டை டிவிடி வட்டில் ஏற்றித் தருவோம். பொய் சொல்லப் போவதில்லை, அந்தக் கடை எனக்குப் பிடித்திருந்தது. கேமராவிலிருந்து படத்தைக் கொண்டுவரும் ஃபயர்வயர் கம்பியைச் செருகினால் கணினி ‘டிங்-டாங்’ என்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காத நாளில் கம்பியைப் பிடுங்கிப் பத்து எண்ணுவோம். புதிய டிரைவர் மென்பொருளைத் தூக்கிவிட்டுப் பழையதை ஏற்றுவோம். கணினி மறுபடி எழும்வரை முதலாளி அதன் மண்டையில் தட்டிக்கொண்டே இருப்பார். “வாடா ராசா, வாடா.” பெரும்பாலும் வந்துவிடும். யாரோ ஒருவரின் கடற்கரை, யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் திரையில் நடுங்கி நிற்கும். நாங்கள் இருவரும் கை தட்டுவோம். இந்தக் காலத்துக் கணினி எதைச் செருகினாலும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கிறது எனக்கு.

அந்த 2009 பிப்ரவரியில்தான் நம்கூங் ஐயா வந்தார். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கையில் பதினொரு கேசட், ஒரு பழைய கேமரா. கேசட் மிச்சமாகட்டும் என்று மெதுவான வேகத்தில் பதிவு செய்திருந்தார். அப்படிப் பதிவானதை எடுத்த கேமராவே படித்தால்தான் உண்டு. மூன்று வாரத்தில் மகளுக்குக் கல்யாணம். அவள் வளர்ந்த கதையை மண்டபத்தில் திரையிட வேண்டும்.

முதலாளி கேமராவைக் கணினியின் முன்பக்கத் துளையில் செருகினார். சத்தமே இல்லை. டிரைவரை மாற்றினோம், பின்பக்கத்தில் தனியாக இருந்த ஃபயர்வயர் அட்டையில் செருகிப் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

“செத்த கேமராவக் கொண்டு வந்திருக்கீங்களே!”

நம்கூங் ஐயா இடுப்பு வளைய எங்களைக் குனிந்து வணங்கினார். “மன்னிச்சுக்குங்க. போன வருஷம் கடற்கரைக்குக் கொண்டு போனேன். நானே கெடுத்துட்டேன்.” கேசட்டுகளையும் கேமராவையும் பொறுக்கிக்கொண்டு போனார்.

மகள் அவரைப் போல இல்லை. வளாக அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டாள். அலுவலகம் விளக்கம் கேட்டது. கேமரா செத்துதான் வந்தது, வாங்கும்போது சோதிக்க மறந்தது நான் என்று எழுதச் சொன்னார் முதலாளி.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கடையில் செத்த நான்காவது கேமரா அது. நான்கும் முன்பக்கத்தில் செருகியவை. பின்பக்கத்து அட்டையிலேயே கிடந்த கேசட் ஓட்டும் எங்கள் சொந்தக் கருவிக்கு ஒரு கேடும் வந்ததில்லை. முந்தின நாள் அவர் சாப்பிடப் போனபோது கணினிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே யுஎஸ்பி ஊசிகளும் ஃபயர்வயர் ஊசிகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில். இலையுதிர் காலத்தில் பெட்டியை மாற்றியபோது முன்பக்கத்துக் கம்பியை யுஎஸ்பி ஊசிகளில் செருகியிருக்கிறார். படம் வர வேண்டிய கம்பியில் மின்சாரம் பாய்ந்து கேமராக்களைக் கொன்றிருக்கிறது. அந்தத் துளை ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. நாங்கள் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

“யாரு உன்னைப் பெட்டியத் திறக்கச் சொன்னா?”

“நாலு கேமரா, முதலாளி.”

“ஒரு பிளக் மாறிப் போச்சு. மனுஷன்தானே நான்?”

“அதையே எழுதுங்க.”

சிரித்தார். “முதலாளி எழுதற கடிதத்த யாருக்கும்மா குடுக்கறது? இங்க எனக்கு மேல யாரு?”

“தப்பே பண்ணாம நமக்குக் குனிஞ்சிட்டுப் போனாரே, அவருக்கு.”

நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. மெதுவாகச் சொன்னார்: “கல்யாணம் முடிஞ்சா அந்தாளு மறந்துடுவாரு. நீ போயிட்டா இந்த டிரைவரோட நான் தனியா எப்படிம்மா மாரடிப்பேன்?”

அது நடிப்பில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது. ஆனாலும் வெற்றுத் தாளை என் பக்கமே தள்ளினார், மேலே பேனாவை வைத்து.

நான் கணினிப் பெட்டியைத் திறந்து முன்பக்கத்துக் கம்பியைப் பிடுங்கி அந்தத் தாளின் மேல் வைத்தேன். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டேன்.

கேமராவின் ஃபயர்வயர் வாய்தான் வெந்தது. தொலைக்காட்சிக்குப் போகும் மஞ்சள் கம்பி வழியாகப் படம் கொஞ்சம் மங்கலாகவாவது வரும், வீட்டிலேயே எடுத்துவிடலாம் என்று நம்கூங் ஐயாவிடம் சொல்ல வேண்டும். அவருடைய பேருந்து மூன்று மணிக்குப் பணிமனைக்குத் திரும்பும் என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தேன்.

“ஹே-வொன்! ஏய்!”

மின் படிக்கட்டு அன்றும் ஓடவில்லை. மூன்று மாடியும் நடந்தே இறங்கினேன்.